விம்ஆர்சி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பெங்களூரில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் மாதத்திலேயே விம் என்ற எடிட்டர் மேல் ஆசை வந்துவிடுகிறது. பக்கத்து சீட்டு சீனியர் மவுஸைத் தொடாமல் கோப்புக்குக் கோப்பு தாவுவதைப் பார்த்தால் வராமல் என்ன செய்யும்? அன்று இரவே பிஜி அறையில் உட்கார்ந்து, அவருடைய முந்நூறு வரி விம்ஆர்சியை, அதாவது விம்மின் அமைப்புக் கோப்பை, அப்படியே நகலெடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் "அண்ணா, டேப் தட்டினா என்னமோ ஆகுது" என்று வந்து நிற்பார்கள்.

நகலெடுப்பதைக் குற்றம் சொல்ல மாட்டேன், பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் ஏதாவது கோணலாக நடந்தால், அது எந்த வரியின் வேலை என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். புதியவர்களின் தவறுகளில் முக்கால்வாசி அங்கே போய்த்தான் முட்டுகின்றன.

முந்நூறு வரி வேண்டாம், ஒரே வரி எழுதினாலும் மாட்டிக்கொள்ளலாம். 2016-இல் வந்த விம் 8 முதல், உங்களுக்கென்று விம்ஆர்சி இல்லாவிட்டால் டிஃபால்ட்ஸ் டாட் விம் என்ற கோப்பை விம் தானாகவே ஏற்றிக்கொள்ளும். நிரலுக்கு நிறம், தட்டத் தட்டவே தேடல், கோப்பு வகைக்கேற்ற இன்டென்ட் (வரித் தொடக்க இடைவெளி) எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வரி எண் தெரியட்டும் என்று 'செட் நம்பர்' என ஒரு வரி எழுதிச் சேமித்தீர்களோ, இவருக்குத்தான் சொந்தக் கோப்பு வந்துவிட்டதே என்று விம் அதை ஏற்றுவதை நிறுத்திவிடும். வரி எண் வரும், நிறம் போய்விடும். சில கணினிகளில் பேக்ஸ்பேஸ்கூட ஏற்கெனவே இருந்த எழுத்தை அழிக்க மறுக்கும். உடனே விம் கெட்டுவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அதனால் ஒன்றும் மாறாது. விம்முக்குள் 'ஹெல்ப் டிஃபால்ட்ஸ் டாட் விம்' என்று அடித்துப் பாருங்கள். அந்தக் கோப்பைத் திரும்ப அழைக்கும் வரிகள் அங்கேயே இருக்கும். அவற்றை உங்கள் விம்ஆர்சியின் தலையில் வைத்துவிட்டு மற்றதை எழுதுங்கள். விம்மிலிருந்து கிளைத்த நியோவிம்மில் இந்தத் தொல்லை இல்லை, நல்ல இயல்பு அமைப்புகள் உள்ளேயே இருக்கின்றன.

அடுத்தது இன்டென்ட். இரண்டு இடைவெளிதான் பிடிக்கும் என்று ஒருவர் விம்ஆர்சியில் இன்டென்ட் அளவான 'ஷிஃப்ட்விட்த்' இரண்டு என்று எழுதுகிறார். ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் சரியாக வருகிறது. பைத்தான் கோப்பைத் திறந்தால் நான்கு. விம்ஆர்சியில் அதே வரியைக் கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை எழுதிப் பார்க்கிறார், அப்போதும் நான்குதான். இங்கே ஊகிப்பதை விட்டுவிட்டு விம்மிடமே கேட்க வேண்டும். 'வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்' என்று அடித்துக் கடைசியில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். இப்போதைய மதிப்பையும், அதைக் கடைசியாக வைத்தது எந்தக் கோப்பு என்பதையும் காட்டும். இந்த இடத்தில் அது விம்மோடு வரும் பைத்தான் கோப்பு வகைக்கான பிளகின், அதாவது துணை நிரல். பைத்தானின் பெப் 8 என்ற நடை வழக்கப்படி நான்கு இடைவெளி வைப்பது அதுதான். விம்ஆர்சி படித்து முடிந்தபின், கோப்பு திறக்கும் நேரத்தில் அது ஓடுவதால் அதன் சொல்தான் நிற்கும். மாற்றியே தீர வேண்டும் என்றால் ஆஃப்டர் அடைவுக்குள் எஃப்டிபிளகின் என்ற அடைவில் பைத்தானுக்கு ஒரு சின்னக் கோப்பு போடலாம். பைத்தானுக்கு நான்கே இருக்கட்டும் என்பது என் கட்சி.

டேப் கதையும் இதேதான். 'வெர்போஸ் ஐமேப்' என்று போட்டு டேப் விசையைச் சொன்னால், அதைப் பிடித்து வைத்திருக்கும் பிளகின் எது என்று தெரிந்துவிடும். அப்படியும் புரியாவிட்டால் இரட்டைக் கோடு போட்டு 'கிளீன்' என்று சேர்த்து விம்மைத் திறங்கள். உங்கள் அமைப்பும் பிளகின்களும் இல்லாமல் திறக்கும். அதிலும் கோளாறு இருந்தால் உங்கள் கோப்பைத் திட்ட வேண்டாம். இல்லையென்றால் விம்ஆர்சியில் பாதியைக் கருத்துரையாக்கி, பிறகு மீதியில் பாதி என்று குறைத்துக்கொண்டே போனால் முந்நூறு வரியிலும் பத்துச் சுற்றுக்குள் குற்றவாளி சிக்கிவிடும்.

விசைகளை மாற்றுவதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. அரைப்புள்ளியையும் முக்காற்புள்ளியையும் இடம் மாற்ற, விசைக்கு வேறு வேலை தரும் 'என்மேப்' கட்டளை கொண்டு இரண்டு வரி எழுதுவார்கள். ஒன்று மற்றொன்றைக் கூப்பிட, அது திரும்ப இதைக் கூப்பிட, விம் ஈ223 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். 'என்நோர்மேப்' என்று எழுதினால் இந்தச் சுற்றல் வராது. காரணம் இல்லாமல் 'நோர்' இல்லாத மேப்பை எழுதாதீர்கள். அப்புறம், ஸ்பேஸை லீடராக (சொந்தக் குறுக்குவழிகளின் முதல் விசையாக) வைத்துவிட்டு, எழுத்துத் தட்டும் இன்சர்ட் மோடிலும் லீடரில் தொடங்கும் மேப் போடுவது. அதன்பின் ஒவ்வொரு ஸ்பேஸுக்கும், அடுத்த விசை வருமா என்று விம் 1000 மில்லிசெகண்ட் வரை காத்திருக்கும். "லேப்டாப் ஸ்லோ" என்று ஐடி டீமிடம் புகார் கொடுத்தவர்களும் உண்டு.

அம்பு விசைகளை முடக்கும் வரிகள் நகலெடுத்த கோப்புகளில் அடிக்கடி வரும். அதை நான் மதிப்பதில்லை. விம்மோடு வரும் பயிற்சியான விம்டியூட்டரை அரை மணி நேரம் செய்தால் கை தானாக மாறும்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. கணினியில் தமிழ்99 விசைப்பலகை போட்டபடி எஸ்கேப் அடித்தால், கட்டளைகளுக்கான நார்மல் மோடிலும் தமிழ் எழுத்தே போகும், கட்டளை எதுவும் வேலை செய்யாது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மேப் எழுத உட்காராதீர்கள். விம்மின் 'கீமேப்' வசதி இதற்குத்தான் இருக்கிறது: இன்சர்ட் மோடில் மட்டும் தமிழ் வரும், நார்மல் மோடு ஆங்கிலத்திலேயே இருக்கும். விம்மோடு வரும் தமிழ் டிஸ்கி கீமேப் பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது, யூனிகோடுக்கான கீமேப் உங்கள் விம்மில் இல்லாவிட்டால் ஒரு கோப்பை நீங்களே எழுதிக்கொள்ளலாம். 'கொ', 'கோ' போன்றவை திரையில் உடைந்து தெரிந்தால் பெரும்பாலும் அது விம் ஓடும் டெர்மினலின் குறை, விம்ஆர்சியில் தேடிப் பயனில்லை. தமிழில் நிறைய எழுதுபவர்களுக்கு, தனிச் சாளரத்தில் ஓடும் ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைத்தான் சொல்வேன். 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரலின் துணையோடு தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது.

நியோவிம் பக்கம் போகிறவர்கள் பயிற்சி வீடியோவின் தேதியைப் பாருங்கள். பேக்கர் என்ற பிளகின் மேலாளரின் பராமரிப்பு 2023-இலேயே நின்றுவிட்டது, பழைய வீடியோக்கள் இன்னும் அதையே நிறுவச் சொல்கின்றன. கிக்ஸ்டார்ட் என்ற ஆயத்த அமைப்பில் தொடங்கலாம். ஒரே கோப்பு, வரிக்கு வரி விளக்கம், படித்துக்கொண்டே வெட்டலாம். அமைப்புக் கோப்பை, பழைய வடிவங்களைச் சேமிக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் வைப்பது நல்லது, ஆனால் ஏஐ பிளகின்களின் ரகசியச் சாவியை அதே கோப்பில் எழுதிப் பொதுவில் ஏற்றிவிடாதீர்கள்.

கடைசியாக, சர்வர். வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் சேலம் பஸ் ஏறும் நேரத்தில்தான் "ஒரு வரி மாத்தணும்" என்று போன் வரும். அந்த சர்வரில் உங்கள் பிளகின் எதுவும் இருக்காது, சிலவற்றில் விம்மின் குறுகிய வடிவம் மட்டுமே இருக்கும். சேமிப்பதற்கே சொந்த விசை வைத்துப் பழகியவர் அங்கே தவிப்பார். அதிலும் கன்ட்ரோல் எஸ் என்றால் பல டெர்மினல்கள் உறைந்துபோகும், கன்ட்ரோல் கியூ அடித்தால் விடுபடும். உங்கள் சொந்தக் கணினியில் சிஸ்டம் கோப்பைத் திருத்தும்போதும் விம்மையே நிர்வாகி உரிமையில் ஓட்டும் 'சூடோ விம்' வேண்டாம், 'சூடோஎடிட்' போதும். எடிட்டர் உங்கள் பெயரிலேயே ஓடும், எடிட்டராக விம்மைக் குறிப்பிட்டிருந்தால் உங்கள் விம்ஆர்சியும் கூடவே வரும்.