அவசர சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்களின் மனநலம்: பொறுப்புச் செவிலியர் செய்ய வேண்டியவை

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூர் செல்லும் மலைச்சாலையில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை வாகனங்கள் பெருகும்போது, எல்லையோர மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரவுப் பணி கனத்துப்போகிறது. சாலை விபத்து, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்த இரவுகளில், பணியாளர் மனம் உடையும் நேரத்தில் மனநல மருத்துவர் பக்கத்தில் இருக்கமாட்டார். அந்த ஷிப்டின் பொறுப்புச் செவிலியர்தான் இருப்பார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஓர் உயிர் போனவுடன், படுக்கையைச் சுற்றி நின்ற அனைவரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனத்தன் பார்ட்டெல்ஸ் என்னும் செவிலியர் தொடங்கிவைத்த இந்த வழக்கத்திற்குச் செலவு எதுவும் இல்லை; எந்த மதத்தின் பிரார்த்தனையும் தேவையில்லை. அடுத்ததாக, உயிரை மீட்க மார்பு அழுத்தம் கொடுத்த பணியாளரை உடனே அடுத்த நோயாளியிடம் அனுப்பாதீர்கள். அவர் கைகால் கழுவி, இரத்தம் பட்ட சீருடையை மாற்றி, தேநீர் குடித்து வரும் பத்து நிமிடத்திற்கு வேறொருவரை நிறுத்துங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதுவதையும், காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்புவதையும், உடலைப் பிணவறைக்கு அனுப்பும் வேலையையும் அவர் தலையிலேயே சுமத்தாமல் பிரித்துக் கொடுங்கள். என் பணியின் தொடக்க காலத்தில் ஒரு குழந்தை இறந்த இரவில் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் யார் என்பது நினைவில் இல்லை. தையல் தட்டைக் கழுவப் போன என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்ட ஆயாம்மாவின் முகம் மட்டும் இன்றும் நினைவில் இருக்கிறது.

"என்ன நடந்தது, எப்படி உணர்ந்தாய்?" என்று எவரையும் உட்காரவைத்துக் கட்டாயப்படுத்திச் சொல்லவைக்கக் கூடாது. ஒரே அமர்வில் அனுபவத்தை முழுவதும் விவரிக்கச் செய்யும் முறை பிற்கால மனப்பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. சிலருக்கு அது தீங்காகவும் முடிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி அதைவிட எளிய வழியைக் காட்டுகிறது: கவனித்துப் பார்ப்பது, பேச விரும்பினால் காதுகொடுத்துக் கேட்பது, தேவையான உதவியுடன் இணைத்துவிடுவது. எந்த மருந்து கைக்கு எட்டாமல் போனது, எந்தக் கருவி தாமதப்படுத்தியது என்ற தொழில்முறைப் பரிசீலனை அவசியமானதுதான். ஆனால் அதை அடுத்த நாள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே "யார் தவறு?" என்ற கேள்வி எழுந்துவிட்டால், மறுமுறை எவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

எல்லையோரப் பிரிவுகளுக்கே உரிய ஒரு சுமையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இறந்தவரின் உறவினர்கள் மலையாளம் மட்டுமே அறிந்தவர்களாக இருந்தால், மலையாளம் தெரிந்த அந்த ஒரு செவிலியரையே ஒவ்வொரு முறையும் முன்னே அனுப்புகிறோம். தமிழில் "தவறிவிட்டார்" என்று மெல்லச் சொல்வது அவர்களுக்குப் புரியாமல் போகலாம் என்பதால், அவர் "மரிச்சுபோயி" என்று நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன்பின் எழும் அலறல் முழுவதும் அவர் முகத்தின் மீதே விழுகிறது. மொழி தெரிந்த ஒரே காரணத்தால் ஒருவர் மாதக்கணக்கில் சாவுச் செய்தி சொல்பவராகவே ஆகிவிடுவது அநியாயம். செய்தியைச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது. செவிலியர் மொழிபெயர்க்கட்டும், மருத்துவர் அவர் அருகிலேயே நிற்கட்டும். மாதத்தில் யார் எத்தனை முறை இந்தப் பணியைச் செய்தார் என்று குறித்துவைத்து, மலையாளம் பேசும் வேறு பணியாளர்களையும் பழக்கி, முறைமாற்றுங்கள்.

உறவினர்கள் தாக்கினாலோ மிரட்டினாலோ, அடிபட்டவரைத் தனியாகக் காவல் நிலையத்திற்கு அனுப்பாமல், நிறுவனமே புகார் கொடுக்க வேண்டும். மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டமும், கேரளத்தில் 2012-இல் இயற்றப்பட்டு 2023-இல் கடுமையாக்கப்பட்ட சட்டமும் உள்ளன.

பின்தொடர்வதில்தான் பெரும்பாலோர் தவறிவிடுகிறோம். மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஒரு மாதம் முடியும்போது என்று உங்கள் நாட்குறிப்பில் எழுதிவைத்துத் தனியாகச் சென்று விசாரியுங்கள். தூக்கம் கெடுவது, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது, குறிப்பிட்ட படுக்கைப் பக்கம் போகாமல் இருக்க ட்யூட்டி மாற்றிக் கேட்பது, நோயாளிகள் மீது எரிந்து விழுவது, மது கூடுவது ஆகியவை ஒரு மாதத்தைத் தாண்டினால் மனநல மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் இதற்கு ஏற்பாடு செய்யலாம். பணியாளர் தன் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கலாகாது. எந்த மருந்து எந்த அளவில் உயிரைப் பறிக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். மருந்து அலமாரிச் சாவியும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம் என்பது நம் பகுதிக்குப் பெரிய வசதி. யார் உதவி கேட்டார் என்பதை ட்யூட்டி பதிவேட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுதவே எழுதாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியத்தை உரிமையாகவே வழங்கியிருக்கிறது.

தரையில் கிடக்கும் இரத்தத்தைத் துடைக்கும் தூய்மைப் பணியாளரையும், 108 வண்டியின் ஓட்டுநரையும், ஒப்பந்தப் பாதுகாவலரையும் இந்த வட்டத்திற்கு வெளியே விட்டுவிடாதீர்கள். விசாரிக்கும் உங்களை விசாரிக்கவும் ஒருவர் வேண்டும். பக்கத்து மருத்துவமனையில் இதே பொறுப்பில் இருப்பவர் ஒருவரிடம் இப்போதே பேசி, மாதம் ஒரு முறை சந்திக்க நாள் குறித்துக்கொள்ளுங்கள்.