சென்சோரியஸ் என்றால் தணிக்கை இல்லை

போன வாரம், மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் காட்டிய பக்கத்தில் 'தணிக்கை மனம் கொண்ட அத்தை' என்று இருந்தது. மூலத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன், அங்கே இருப்பது 'சென்சோரியஸ்' (censorious) என்று; பிறர் நடத்தையில் எப்போதும் குற்றம் கண்டு கண்டிக்கிற குணத்துக்கான ஆங்கிலச் சொல் அது. 15 வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே பள்ளம். எழுத்துப்பிழை, உச்சரிப்பு எல்லாம் அகராதியைப் புரட்டினால் சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிட்டு, இந்தச் சொல்லைத் தமிழாக்கும்போது நடக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தணிக்கை என்று எழுதுவது

இன்னும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். நான் மொழிபெயர்த்த கதையில் ஒரு விதவை புது ஊருக்குக் குடிவருகிறாள். 'சென்சோரியஸ் நெய்பர்ஸ்' என்பதை 'தணிக்கை செய்யும் அண்டை வீட்டார்' என்று எழுதிவைத்தேன். அவளுக்கு வரும் கடிதங்களை அக்கம்பக்கத்தார் பிரித்துப் படிக்கிறார்கள் என்றே வாசித்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அவள் உரக்கச் சிரித்தால் அவர்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். 16 பக்கங்கள் சேர்ந்து அச்சாகும் பாரம் ஒன்றைத் திரும்ப அச்சடித்தார்கள். செலவு என் கூலியில் போனது.

தணிக்கையைக் குறிக்கும் 'சென்சார்', 'சென்சோரியஸ்' இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அதனால்தான் வழுக்குகிறது. பழைய ரோமில் சென்சார் என்கிற அதிகாரி குடிமக்களைக் கணக்கெடுப்பார், கூடவே அவர்களுடைய ஒழுக்கத்தையும் பார்ப்பார். கி.மு. 184இல் அந்தப் பதவிக்கு வந்த மூத்த கேட்டோ, பட்டப்பகலில் மகள் பார்க்க மனைவியை முத்தமிட்டார் என்று ஒருவரை செனட்டிலிருந்தே நீக்கியதாக பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்தக் குணம்தான் சென்சோரியஸ். கத்தரிக்கோல் வேலைக்கு 'சென்சோரியல்' என்று தனிச்சொல் உண்டு. நம் ஊரில் குழப்பம் இன்னும் கூடுதல்: படங்களுக்கான மத்திய வாரியம் 1983இலேயே பெயரில் 'சென்சார்ஸ்' போய் 'சர்ட்டிஃபிகேஷன்' ஆகிவிட்டது, நம் வாயில் மட்டும் இன்னும் சென்சார் போர்டுதான்.

'கிரிட்டிக்கல்' போதும் என்று நினைப்பது

போதாது. கிரிட்டிக்கலான மாமியார் சாம்பாரில் உப்புக் கம்மி என்பார். சென்சோரியஸ் மாமியார், "இவ அம்மா வளர்த்த லட்சணம்" என்பார்.

கேப்ஷஸோடு குழப்புவது

'கேப்ஷஸ்' (captious) என்ற ஆங்கிலச் சொல் சின்னச் சின்னதற்கெல்லாம் நொட்டை சொல்கிறவருக்கு. ஒழுக்கத் தீர்ப்பு அதில் கிடையாது.

பாராட்டாக எழுதுவது

வேண்டவே வேண்டாம்.

ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவது

'குறை காண்கிற' என்றால் பாதிதான் வரும். நான் இப்போது இடம் பார்த்து உடைத்து எழுதுகிறேன். 'சென்சோரியஸ் லுக்' வந்தால் 'அவள் செய்தது பாவம் என்பதுபோல் பார்த்தார்'. அப்புறம் தம்பியின் அத்தை? அரை மணி நேரம் பேசி, 'யார் எது செய்தாலும் அடுக்காது என்கிற அத்தை' ஆனார்.