பிராந்திப் பாகில் பிளம்ஸ்: சுருங்காமல் காத்த விதம்
சென்ற மே மாதம் கொடைக்கானல் பிளம்ஸ் பழங்களைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் நேரடியாகப் போட்டு, கொதிக்கும்போதே பிராந்தியையும் ஊற்றினேன். பழங்கள் சுருங்கி மிதந்தன, மணமோ ஆவியோடு போய்விட்டது. ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு, அதிகம் கனியாத பழங்களை ஊசியால் ஆங்காங்கே குத்தி, ஒரு லிட்டர் நீருக்கு 400 கிராம் சர்க்கரை சேர்த்த இளம்பாகில் ஓரிரவு ஊறவைத்தேன். அடுத்த இரு நாள்களும் பாகை மட்டும் வடித்து, ஒவ்வொரு முறையும் 200 கிராம் சர்க்கரை கூட்டிக் காய்ச்சி, ஆறிய பின்பே பழங்களின் மேல் ஊற்றினேன். பழத்தின் சாறு ஒரேயடியாக வெளியேறிவிடாமல் சர்க்கரை மெல்ல உள்ளே செல்ல இந்தப் பொறுமை அவசியம். இறுதியில், நன்கு ஆறிய பாகின் இரு பங்குக்கு ஒரு பங்கு பிராந்தி கலந்து, பழங்கள் முழுவதும் மூழ்குமாறு கண்ணாடிப் புட்டியில் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது பழங்கள் உருண்டை குலையாமல் இருந்தன; பாகு மாதுளைச் சிவப்பாக மாறியிருந்தது.