மைக்ரோடிக் ரவுட்டரில் சான்றிதழ் ஏற்ற ஒரு சின்ன பைத்தன் ஸ்கிரிப்ட்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினி, மூலையில் ஒரு மைக்ரோடிக் ரவுட்டர், லயத்துப் பிள்ளைகள் வைஃபைக்குள் நுழைய ஒரு லாகின் பக்கம். அதைத் திறக்கும்போது பிரவுசர் பயமுறுத்தாமல் இருக்க ரவுட்டருக்குள் சான்றிதழ் (அந்தப் பக்கத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் கோப்பு) வேண்டும். கையாலேயே ஏற்றலாம்தான். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவை வழக்கமாகத் தரும் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். எந்த நிறுவனம் தந்தாலும் 2026 மார்ச் 15 முதல் 200 நாள்தான் உச்சவரம்பு. 2029 மார்ச்சில் அது 47 நாளாகச் சுருங்கும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கிராணி இதற்கென்று உட்கார முடியுமா?

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பைத்தனின் ‘SSHClient’ மட்டும் இப்படியே பெரிய எழுத்துகளோடு வரவேண்டும்; பைத்தன் கட்டளைப் பெயர்களில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு (_) போடுங்கள்.

கையில் இரண்டு கோப்புகள் இருக்கும்: சான்றிதழ்ச் சங்கிலி (உங்கள் சான்றிதழும் அதற்கு உறுதி தரும் மேல்நிலைச் சான்றிதழும்) ஒன்று, அதற்கான ரகசியச் சாவி ஒன்று. பெயரில் ஆண்டும் மாதமும் வரட்டும்: ‘லாகின்2603.பெம்’, ‘லாகின்2603.கீ’ என்பதுபோல. இதன் பயன் கடைசியில் தெரியும். சாவிக் கோப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ரவுட்டரில் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாகக் கட்டளையிடும் வழி) சேவையைத் திறந்து, ஸ்கிரிப்டுக்கென்று தனிப் பயனரை உருவாக்குங்கள். அந்தப் பயனர் அலுவலகக் கணினியின் ஐபியிலிருந்து மட்டும் நுழையும்படி ‘அட்ரஸ்’ கட்டத்தை நிரப்புங்கள். கணினியில் ‘பிப் இன்ஸ்டால் பாராமிக்கோ’ என்று தட்டி, பைத்தனுக்கான எஸ்எஸ்எச் நூலகத்தை நிறுவுங்கள். பிறகு கையால் ஒருமுறை எஸ்எஸ்எச் வழியாக ரவுட்டருக்குள் போய் வாருங்கள். ரவுட்டரின் அடையாளம் கணினியில் பதிந்துவிடும். இதைத் தவிர்க்க ‘ஆட்டோ ஆட் பாலிசி’ போடும்படி பல இடங்களில் சொல்லியிருப்பார்கள். எதிரில் யார் நின்றாலும் நம்பிவிடும் வழி அது. வேண்டாம்.

ஸ்கிரிப்ட் இருபது வரிக்குமேல் போகாது. எஸ்எஸ்எச் கிளையன்ட் உருவாக்கி, பதிந்த அடையாளங்களை ‘லோட் சிஸ்டம் ஹோஸ்ட் கீஸ்’ மூலம் ஏற்றி, 192.168.88.1-க்கு இணையுங்கள். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டிலேயே எழுதாமல் ‘கெட்பாஸ்’ கேட்டு வாங்கட்டும். ‘ஓப்பன் எஸ்எஃப்டிபி’, பிறகு ‘புட்’: இரண்டு கோப்புகளும் ரவுட்டருக்குப் போய்விடும். அடுத்து ‘எக்ஸெக் கமாண்ட்’ வழியாக ‘சர்டிபிகேட் இம்போர்ட்’. முதலில் சான்றிதழ், அப்புறம்தான் சாவி. இரண்டிலும் ‘பாஸ்ஃபிரேஸ்’ இடத்தில் வெற்று மேற்கோள் குறி போடுங்கள். அதை விட்டால் ரவுட்டர் கேள்வி கேட்கும். ஸ்கிரிப்டில் பதில் சொல்ல ஆள் இல்லை.

தடுக்கி விழும் இடம் இதுதான். பைத்தன் சிவப்பு எழுத்தில் எதுவும் காட்டவில்லை என்றால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பைத்தனைப் பொறுத்தவரை கட்டளை போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். ரவுட்டர் திருப்பி அனுப்பும் வரிகளை அச்சிட்டுப் படியுங்கள். சங்கிலிக் கோப்பில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தால் ‘சர்டிபிகேட்ஸ் இம்போர்ட்டட்: 2’ என்று வரவேண்டும். சாவிக்கு ‘பிரைவேட் கீஸ் இம்போர்ட்டட்: 1’. அதற்குப் பதில் ‘கீஸ் வித் நோ சர்டிபிகேட்: 1’ வந்தால் சாவி அநாதை: வரிசை மாறிப்போயிருக்கும், அல்லது போன தடவைச் சாவியை எடுத்திருப்பீர்கள். ‘டிகிரிப்ஷன் ஃபெயிலியர்ஸ்: 1’ என்றால் சாவிக்குப் பூட்டு உண்டு, நீங்கள் கொடுத்த கடவுச்சொல் பொருந்தவில்லை. இந்த எண்கள் சரியில்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி ஒரு ‘இஃப்’ போட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால் சான்றிதழ்ப் பட்டியலில் ‘லாகின்2603.பெம்_0’ என்ற பெயருக்கு முன்னால் ‘கே’ எழுத்து நிற்கும், சாவி சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக. அந்தப் பெயரை ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ எஸ்எஸ்எல்’ (www-ssl, ரவுட்டரின் பாதுகாப்பான வலைப்பக்கம்) சேவைக்கும், லாகின் பக்கத்தை நடத்தும் ஹாட்ஸ்பாட் புரொஃபைலுக்கும் கொடுங்கள். www-ssl சேவை ஆரம்பத்தில் மூடியே இருக்கும்; திறக்க மறக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிரவுசர் முறைத்தால், பெரும்பாலும் ஐபி எண்ணைத் தட்டியிருப்பீர்கள். சான்றிதழ் பெயருக்குத்தான், எண்ணுக்கு அல்ல. பெயரை எண்ணாக மாற்றித் தரும் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைச் சேருங்கள். இடி மழையில் கரண்ட் போய் ரவுட்டரின் தேதி பின்னால் போனதுதான் காரணம் என்பார்கள். ஆனால் பிரவுசர் பார்ப்பது கைப்பேசியின் கடிகாரத்தை. ரவுட்டரின் தேதி விபிஎன்னில்தான் வேலையைக் கெடுக்கும். அதற்கு, நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் என்டிபி போதும்.

புதியது ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பழைய மாதத்துச் சான்றிதழை நீக்குங்கள். பெயரில் மாதம் இருப்பதால் எது பழையது என்று தேட வேண்டியதில்லை. ரவுட்டரின் கோப்புப் பட்டியலில் சாவி இன்னும் கிடந்தால் அதையும் சேர்த்து அழித்துவிடுங்கள்.