கொல்லையில் லைனர் குளம் வெட்டலாமா? முதலில் ஒரு சின்னத் துளை போடுங்கள்

சிங்கப்பூரின் சிக்லாப் வட்டாரத்தில் செமி-டி வீட்டில் (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய தரைவீடு) இருக்கும் என் மச்சானுக்கு நீச்சல் குளம் ஆசை வந்தது, டொரோண்டோவில் சித்தப்பா வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான். “அங்கெல்லாம் வினைல் லைனர்தான் மச்சான். டைல்ஸ் ஒட்டுற வேலையே கிடையாது!” என்றார். நம்மில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்கள், இந்தக் கவலை நமக்கில்லை. தரைவீடு வைத்திருப்பவர்களும் அவர்களுக்கு யோசனை சொல்லப் போகிறவர்களும் படியுங்கள்.

லைனர் குளம் என்பது இதுதான்: குழி வெட்டி, சுற்றிலும் எஃகு அல்லது பாலிமர் பலகைகளை நிறுத்தி, அடியில் மணலோ சிமெண்டுக் கலவையோ போட்டுச் சமப்படுத்துவார்கள். அதன்மேல் அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரே வினைல் பிளாஸ்டிக் விரிப்பை இறக்குவார்கள். விளிம்பு மட்டும் மேலே ஒரு பள்ளத்தில் மாட்டியிருக்கும். மற்றபடி அதை அமுக்கிப் பிடித்திருப்பது உள்ளே நிற்கும் நீரின் எடைதான். இதை மறக்காதீர்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

கனடாவில் குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும். லைனர் அதற்கு வளைந்து கொடுக்கும் என்பது அங்கே பெரிய வசதி. நமக்கு அந்தக் காரணம் சாங்கி விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது தொடக்கச் செலவு குறைவு என்பதும், காலுக்கு இதமான மென்மையும்தான்.

படி 1: டேப்பை எடுங்கள்

குளத்தின் அளவை மட்டும் அளக்காதீர்கள். பலகைகளுக்கு முட்டுக் கொடுக்கவும் மண் நிரப்பவும் ஒவ்வொரு பக்கமும் சுமார் 60 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்ட வேண்டும். 8 மீட்டருக்கு 3.5 மீட்டர் குளம் என்றால் குழி 9.2-க்கு 4.7. மச்சானின் கொல்லை 9-க்கு 5. ஆகவே குளம் 7-க்கு 3 ஆகச் சுருங்கியது. பக்கத்து வீட்டு மதில் அடித்தளத்தை ஒட்டி வெட்டவே கூடாது. மண்வாரி இயந்திரம் பக்கவாட்டில் நுழைய வழி உண்டா என்றும் பாருங்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் நடுவில் மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலும் இருக்காது.

படி 2: துளை போட்டுப் பாருங்கள்

எல்லாம் இதில்தான் இருக்கிறது. கேட்டலாக்கில் நிறம் பார்ப்பதற்கு முன் செய்யுங்கள்.

கையால் திருகும் மண் துளைப்பானை வாங்கி, குளம் வரப்போகும் இடத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒடுக்கமாக ஒரு துளை போடுங்கள். அடியில் மின்கம்பியோ கழிவுநீர்க் குழாயோ ஓடுகிறதா என்று அதற்கு முன்பே வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும். இரண்டு நாள் விட்டு, குச்சியை இறக்கி, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் தண்ணீர் நிற்கிறது என்று அளங்கள். துளையை மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் குளத்துக்கு முன்னால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும்.

பிப்ரவரி வெயிலில் அளந்து ஏமாறாதீர்கள். இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரில் இன்னொரு முறை அளக்க வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி? வெளியே நிலத்தடி நீர் மட்டம் குளத்து நீர் மட்டத்தைவிட உயர்ந்தால், லைனர் அடியிலிருந்து பலூன்போல எழும்பும். நீர் வடிந்ததும் திரும்பப் படியும்போது சுருக்கம் விழும். சுத்தம் செய்கிறேன் என்று குளத்தை முழுவதும் காலி செய்தாலும் இதே கதைதான்.

மச்சான் வீட்டில் 90 சென்டிமீட்டரிலேயே தண்ணீர். எனக்கு ஆச்சரியமில்லை. 1966-இல் கிழக்குக் கடற்கரை நிலமீட்பு தொடங்குவதற்கு முன் அந்தப் பக்கம் கடல் இன்னும் கிட்டத்தில் இருந்தது. புக்கிட் தீமாவின் கருங்கல் மேட்டில் உள்ளவருக்கு வேறு விடை கிடைக்கலாம். ஆகவே பக்கத்துப் பேட்டைக்காரர் சொல்வதை நம்பாமல் உங்கள் மண்ணையே கேளுங்கள்.

படி 3: செடிகளைப் பாருங்கள்

கோரைப்புல் இருக்கிறதா? அதன் கூர்முளை வினைலைக் குத்திக்கொண்டு மேலே வரும். களையெடுத்தால் மட்டும் போதாது, கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். மூங்கில் வேரும் ஆகாது. குளத்தில் குதிக்கும் நாய் இருந்தால் நகத்தையும் கணக்கில் சேருங்கள்.

படி 4: பத்தாண்டுக் கணக்கு

தண்ணீர் செலவுக்கு யாரும் பயப்பட வேண்டாம். 7 x 3 x 1.3 மீட்டர் என்றால் 27.3 கன மீட்டர். ஏப்ரல் 2025 முதல் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, ஆக ஒரு முறை நிரப்ப 88 வெள்ளி சொச்சம், பொருள் சேவை வரி தனி. அந்த மாத வீட்டுப் பயன்பாட்டோடு சேர்ந்து 40 கன மீட்டரைத் தாண்டினால் மேற்கொண்டுள்ளதற்கு விலை கூடும், அவ்வளவுதான்.

செலவு லைனரில்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் பத்தாண்டு வாக்கில் மாற்ற வேண்டியிருக்கும். ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் நம் ஊரில் முன்னதாகவே நிறம் போகலாம். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.6 வரை இருக்கட்டும், குறைந்தால் வினைலில் சுருக்கம் விழும். குளோரின் வில்லையைத் தரையில் போட்டால் அந்த இடம் வெளுத்துவிடும். இங்கே பெரும்பாலும் காங்கிரீட்டும் டைல்ஸும்தான் என்பதால், குளம் கட்டும் குத்தகையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது: “லைனர் மாற்றும் நாளில் அளவெடுத்துச் செய்து கொண்டுவருவது யார்?” தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள்.

படி 5: அனுமதி

நகர மறுசீரமைப்பு ஆணையம், கட்டட, கட்டுமான ஆணையம், பொதுப் பயனீட்டுக் கழகம் ஆகிய மூன்றின் விதிகளும் உங்கள் மனைக்கு எப்படிப் பொருந்தும் என்பதைத் தகுதிபெற்ற பொறியாளரிடம் விடுங்கள். குளோரின் நீரை வாசல் மழைநீர்க் கால்வாயில் திறந்துவிடக் கூடாது, அது எங்கே போகும் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

மச்சான் இப்போது வேறு படம் போட்டிருக்கிறார். குளத்தில் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள், 70 மேலே, சுற்றிலும் மரப்படி. அடித்தளம் நிலத்தடி நீருக்கு மேலேயே நிற்கும், குளத்து நீர்மட்டமும் எப்போதும் தரைக்கு மேலே இருக்கும். டிசம்பர் அளவு வந்தால்தான் உறுதி. அதற்குள் அத்தை கொல்லைக்கு வந்து, படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துணிக்கொடி எங்கே என்று கேட்டுவிட்டார். டேப் மறுபடி வெளியே வந்திருக்கிறது.