தப்பி ஓடிய ஹேம்ஸ்டர் கிடைத்துவிட்டதா? அடுத்த ஒரு வாரம் செய்ய வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) இருக்கிறோம். பின்வேலியைத் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம். போன மாதம் என் மகளுடைய சிரியன் ஹேம்ஸ்டர் (எலி மாதிரியான சின்னச் செல்லப்பிராணி), முத்து, கூண்டுக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடிவிட்டது. இரண்டு ராத்திரி தேடினோம். மூன்றாம் நாள் விடியற்காலை அரிசி வாளிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் மகளுக்கு உயிர் வந்தது. எனக்கோ அப்போதுதான் பயம் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்கா அந்த வாரம்தான் லொங்காங் (சாக்கடை) ஓரமாக எலி மருந்து வைத்திருந்தார்.

"அப்பா, அதுதான் சாப்பிடுதே, அப்புறம் என்ன?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஹேம்ஸ்டர் வலியையும் நோயையும் மறைக்கும் பிராணி. சோர்ந்து தெரிந்தால் எதிரி பிடித்துவிடும் என்ற பயம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. கிடைத்த அன்று நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு வாரம் பார்க்க வேண்டும். முதல் தடவையாக ஹேம்ஸ்டர் வளர்ப்பவர்களுக்காக, நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: மேலிருந்து பிடிக்காதீர்கள்

பயந்துபோன ஹேம்ஸ்டரை மேலிருந்து அமுக்கினால் கடிக்கும். கை உதறினால் கீழே விழும். அதற்குக் கண்பார்வை மட்டு, உயரமும் தெரியாது. ஒரு குவளையைப் படுக்கவைத்து உள்ளே இரண்டு சூரியகாந்தி விதை போடுங்கள், தானாக நுழையும்.

எலி பசை அட்டையில் ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்கக் கூடாது. சமையல் எண்ணெயை விரலால் தடவித் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, மெல்லிய துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் வேண்டாம்.

படி 2: தண்ணீர், குளிர்ச்சி, அமைதி

கூண்டில் விட்டு ஒரு மணி நேரம் தொந்தரவு செய்யாமல் இருங்கள். 100 கிராம் எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லி தண்ணீர் வேண்டும். இரண்டு நாள் அது கிடைக்காத ஹேம்ஸ்டருக்கு உடம்பில் நீர் குறைந்திருக்கலாம். கழுத்துக்குப் பின்னால் தோலை மெதுவாகக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மடிப்பு அப்படியே நின்றால் உடம்பில் நீர் வற்றிவிட்டது, மருத்துவரிடம் போக வேண்டும். குடிக்கத் தயங்கினால் ஒரு துண்டு வெள்ளரிக்காய் கொடுக்கலாம்.

சிரியா வறண்ட நாடுதானே, வெயில் தாங்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இன்று வீடுகளில் வளரும் சிரியன் ஹேம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1930-ல் அலெப்போ அருகே மண்ணைத் தோண்டி எடுத்த ஒரு தாயின் குட்டிகளின் வழிவந்தவை. மண்ணைத் தோண்டி என்பதைக் கவனியுங்கள். பகல் முழுவதும் குளிர்ந்த வளைக்குள் கிடக்கும் பிராணி அது. அதற்குச் சுகமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி. தகரக் கூரை வீட்டில் மத்தியானம் 32 டிகிரியைத் தாண்டிவிடும். கூண்டைத் தரையோடு வைத்து, உள்ளே ஒரு டைல் துண்டு போட்டால் அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

படி 3: மூக்கிலிருந்து வால் வரை

வெளிச்சத்தில் மடியில் துண்டு விரித்துப் பாருங்கள். கண் இரண்டும் திறந்து பளபளப்பாக இருக்கிறதா, மூக்கில் ஈரமோ ரத்தமோ உண்டா, மூச்சில் 'கிளிக் கிளிக்' என்ற சத்தம் கேட்கிறதா? உதட்டில் கருகல் இருந்தால் மின்கம்பியைக் கடித்திருக்கலாம். மேசையில் நடக்கவிட்டு நான்கு காலையும் ஊன்றுகிறதா என்று பாருங்கள். பூனைப் பல் பட்ட காயம் ஊசிக் குத்து அளவுதான் இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள், உள்ளே சீழ் வைக்கும்.

இரண்டு விஷயத்தில் நான் வீணாகப் பயந்தேன். முன்பற்கள் ஆரஞ்சு மஞ்சளாக இருந்தன. அது இயற்கையான நிறம், வெள்ளையாக இருந்தால்தான் சந்தேகம். அடுத்தது, இடுப்பின் இரண்டு பக்கமும் மிளகு அளவில் கறுத்த புள்ளி. கன்றிப்போன காயம் என்று நினைத்தேன். அது சிரியன் ஹேம்ஸ்டரின் வாசனைச் சுரப்பி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

படி 4: சேமிப்பைத் தேடுங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. ஹேம்ஸ்டர் கண்டதையெல்லாம் உடனே தின்னாது. தோள் வரை நீளும் கன்னப்பையில் அடைத்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் குவிக்கும். அந்தக் குவியல் கிடைத்தால் எதை வாயில் வைத்தது என்று தெரிந்துவிடும்.

அரிசி வாளியை நகர்த்தினேன். சுவரோரம் ஒரு கைப்பிடி: நொய்யரிசி, காய்ந்த மிளகாய் விதை, ஒரு நெத்திலித் தலை, மகள் சிந்திய பிஸ்கட் துண்டு. வெள்ளைத் தாளில் கொட்டி விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அக்கா வைத்த மருந்து நீல நிறம். நீலத்தில் ஒரு துணுக்குகூட இல்லை. மனசின் பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் தின்று முடித்திருந்தால் குவியலில் இருக்காதே!

படி 5: எலி மருந்து பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

செம்பனைப் பழத்துக்கு எலி பெரிய எதிரி. தோட்டங்களில் எலி பிடிக்கக் கூகைக்குக் கம்பத்தில் கூட்டுப் பெட்டி வைப்பதோடு விஷக் கட்டியும் போடுவார்கள். வீட்டுக்கு வாங்குவதும் பெரும்பாலும் அதே வகைதான்: வார்ஃபரின், புரோமடியோலோன், புரோடிஃபாகூம். இவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. கல்லீரல் வைட்டமின் கே-யைத் திரும்பப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும், புதிய உறைபொருள் உருவாகாது. ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பது தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், சில சமயம் கூடுதலாகவும். முதல் நாள் கூண்டுச் சக்கரத்தில் ஓடியது நாலாம் நாள் சாகலாம். ஒரு வாரம் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

காதும் பாதமும் வெளுப்பது, மூக்கிலோ மூத்திரத்திலோ ரத்தம், தோலுக்கடியில் நீலத் திட்டு, காரணமில்லாத சோர்வு: இவைதான் அடையாளம். ஆனால் தின்றது என்று சந்தேகம் வந்தாலே போதும், அடையாளத்துக்குக் காத்திருக்காதீர்கள். மருந்து அட்டையையோ அதன் படத்தையோ எடுத்துக்கொண்டு போங்கள். மாற்றுமருந்து உண்டு, வைட்டமின் கே1. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், ஹேம்ஸ்டரால் வாந்தி எடுக்க முடியாது.

படி 6: தினமும் எடை, புழுக்கை

சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்து, தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கவலைப்பட வேண்டும். முத்து ஓடுவதற்கு முன் 142 கிராம், கிடைத்த அன்று 131. எல்லைக்கு இந்தப் பக்கம்தான், ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

புழுக்கை கறுத்து, கெட்டியாக, அரிசி வடிவில் இருக்க வேண்டும். வாலடி நனைந்து, ஒட்டி, நாற்றமடித்தால் அது ஈரவால் நோய் (கடுமையான வயிற்றுப்போக்கு). அலைச்சலும் பயமும் அதைக் கிளப்பிவிடும். முக்கியமாக மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளை இரண்டே நாளில் கொன்றுவிடும். விடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

படி 7: வீட்டு மருந்து வேண்டாம்

நம் வீடுகளில் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கும். அதை நுணுக்கித் தண்ணீரில் கலக்க நினைப்பவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். பெனிசிலின், அமோக்சிசிலின் வகைகள் ஹேம்ஸ்டரின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, அதையே கொன்றுவிடும். லொங்காங்கில் புரண்டிருந்தாலும் குளிப்பாட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். அதைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். காட்டெலி மூத்திரத்தால் வரும் 'கென்சிங் திக்குஸ்' காய்ச்சல் மனிதருக்கும் ஆபத்து. ஓடிய ஹேம்ஸ்டர் வீட்டெலியோடு சேர்ந்து குட்டி போடுமா என்று ஒருவர் கேட்டார். போடாது, இரண்டும் வேறு இனம்.

மருத்துவரிடம் போகும் முன் போன் செய்து, ஹேம்ஸ்டர் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். சின்னப் பட்டணங்களில் பலரும் நாய், பூனை, மாடுதான் பார்ப்பார்கள். நான் ஈப்போ நகரம் வரை போனேன். காலை வெயிலுக்கு முன் கிளம்பி, காற்றோட்டமுள்ள பெட்டியில், மரத்தூளும் வெள்ளரித் துண்டும் போட்டுக் கொண்டுபோனேன். மோட்டார் சைக்கிள் முன்கூடையில் வெயிலில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். மருத்துவர் ஈறும் பாதமும் பார்த்துவிட்டு, எடையைத் தொடர்ந்து எழுதச் சொல்லி அனுப்பினார்.

என் நோட்டில் இருப்பது: 131, 130, 132, 134, 135, 137, 139. ஏழாம் நாள் ராத்திரி ஒரு மணிக்குச் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மகள் எனக்கு முன்பே கூண்டருகில் உட்கார்ந்திருந்தாள். கதவில் துணி மாட்டும் கிளிப் இரண்டு போட்டிருந்தாள்.