லூட்சினே: ஒரு மலையாற்றைக் கீழிருந்து மேலே பார்க்கும் முறை

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். வருடம் முழுக்க ஓடும் ஆறு அங்கே எங்களுக்குக் கிடையாது, கிணறும் குளமும்தான். சுவிட்சர்லாந்தின் பேர்னுக்கு வந்து ஆரே ஆற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும், "இந்தத் தண்ணிக்கு ஏன் அப்பா இப்பிடி ஒரு பச்சை?" என்று மகள் கேட்கும்வரை நான் அதைப் பற்றி யோசித்ததில்லை. பதிலில் ஒரு பங்கு லூட்சினே என்ற சின்ன ஆற்றில் இருக்கிறது. அதன் தண்ணீர் பிரியென்ஸ் ஏரி, தூன் ஏரி இரண்டையும் கடந்து எங்கள் பேர்னுக்கு வருகிறது. பிறகு ரைனோடு சேர்ந்து வடகடலுக்குப் போகிறது.

இந்த ஆற்றைப் பிள்ளைகளோடு ஒரு நாள் போய்ப் பார்ப்பதென்றால், முதல் வேலையை முந்தின நாள் இரவே வீட்டில் செய்யுங்கள். சுவிஸ் அரசின் நில அளவை அலுவலகமான சுவிஸ்டோப்போவின் வரைபடம் இணையத்தில் இலவசம். 1:25,000 அளவில் திறந்தால், ஆல்ப்ஸ் பகுதியில் ஒரு சமவுயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் வித்தியாசம். கோட்டின் நிறத்தைக் கவனியுங்கள். பழுப்பு என்றால் மண், கறுப்பு என்றால் பாறை, நீலம் என்றால் பனியாறு, அதாவது மலைமேல் மெல்ல நகரும் பனிக்கட்டிப் பாளம். நீலக் கோடுகள் முடிகிற இடத்தில் விரலை வைத்து, தண்ணீர் போகும் வழியில் ஏரிவரை இழுத்து வாருங்கள். இதை ஒருமுறை செய்தவருக்கு மறுநாள் வழிகாட்டி தேவையில்லை.

நடையை ஊற்றில் தொடங்க வேண்டாம். போனிகன் என்ற ஊரில், ஆறு பிரியென்ஸ் ஏரியில் விழும் இடத்தில் தொடங்குங்கள். ஏரி மட்டம் 564 மீட்டர். மத்திய காலத்தில் இன்டர்லாக்கன் மடத்தார்தான் ஆற்றை இந்த ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டு ஏரிகளுக்கும் நடுவில் இன்டர்லாக்கன் நிற்கிற சமநிலமே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். பனியாறு பாறையை அரைத்த மாவு தண்ணீரில் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. மகள் கேட்ட பச்சை அதுதான்.

அப்புறம் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். ஏறுமுன் எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பாருங்கள், ஏனென்றால் ஸ்வைலூட்சினனில் ரயில் இரண்டாகப் பிரியும். ஊர்ப்பெயருக்கே 'இரண்டு லூட்சினே' என்றுதான் அர்த்தம். கிரின்டல்வால்டிலிருந்து கறுப்பு லூட்சினேயும் லௌட்டர்புருனனிலிருந்து வெள்ளை லூட்சினேயும் வந்து கூடும் இடம் அது. நீங்கள் இங்கே இறங்குங்கள். ஆளுக்கு ஒரு கண்ணாடிப் போத்தல் கொண்டுபோய், கூடுவதற்கு முன்பே இரண்டு ஆற்றிலும் தண்ணீர் எடுங்கள். கறுப்பில் கருஞ்சிலேட் பாறைத் துகள் இருக்கும். கரையில் உறுதியான இடத்தில் நின்றுதான் எடுக்க வேண்டும். நடு ஆற்றுச் சரளை மேட்டுக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். மேலே வெயில் ஏறினால் கீழே தண்ணீர் சட்டென்று கூடும்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் வெள்ளை ஆற்றோடு போங்கள். லௌட்டர்புருனன் சுமார் 800 மீட்டரில் இருக்கிறது, அதற்குத் தென்கிழக்கே நிற்கும் யுங்ஃப்ரா மலையோ 4,158 மீட்டர். பள்ளத்தாக்கின் அடி தட்டை, இரு பக்கமும் செங்குத்துச் சுவர். ஆறு மட்டும் வெட்டியிருந்தால் 'வி' வடிவம் வந்திருக்கும். இங்கே பனியாறு அகழ்ந்ததால் 'யு' வடிவம். பக்கத்துச் சிற்றோடைகளின் பள்ளங்கள் அந்த அளவுக்கு ஆழமாகவில்லை. அதனால் அவை உயரத்தில் தொங்கிக்கொண்டு, அருவியாகக் குதிக்கின்றன. ஸ்டௌப்பாக் அருவி ஏறத்தாழ 297 மீட்டர் விழுகிறது. அடிவாரத்துக்கு வருமுன் பாதித் தண்ணீர் புகையாகிப் போவதுபோல் இருக்கும்.

அங்கிருந்து ஸ்டெக்கெல்பெர்க் ஊர்த் திசையில் நடந்தால் ட்ரூமெல்பாக் அருவிகள். நேரம் ஒதுக்குங்கள், இந்த நாளின் உச்சம் இதுதான். ஐகர், மன்ச், யுங்ஃப்ரா மூன்று மலைகளின் பனியாற்றுத் தண்ணீரும் மலைக்குள்ளேயே 10 அருவிகளாக இறங்குகிறது. உச்ச நேரத்தில் நொடிக்கு 20,000 லீட்டர் வரை. உள்ளே பாறை அதிர்வதைக் காலில் உணரலாம். அது சுண்ணாம்புக்கல்லைக் குடைந்த வழி. எங்கள் ஊர்க் கிணறுகளும் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவைதான் என்று அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் தொண்டை அடைத்தது.

வெளியே வந்து யுங்ஃப்ராவை அண்ணாந்து பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். இந்தப் பக்கம் உருகுவது வடகடலுக்கு. மறுபக்கம் அலெட்ச் பனியாற்றில் உருகுவது ரோன் ஆற்றோடு மத்தியதரைக் கடலுக்கு.

வீட்டுக்கு வந்ததும் போத்தல்களைக் குசினி ஜன்னலில் வைத்துவிட்டு ஆட்டாமல் விடுங்கள். காலையில் அடியில் படிந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள், விரலில் தேய்த்தும் பாருங்கள். ஆற்றின் பெயரையும் திகதியையும் ஒட்டி வையுங்கள். ஒக்டோபரில், உருகல் குறைந்தபிறகு, அதே இடத்தில் இன்னொரு போத்தல் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.